கடைசிப் பெயர்

பர்மா சாலை விடுதி, பதினான்காம் மாடி.
சன்னலில் கொம்தார், மழையில் பாதி அழிந்து.
டேட்டா டாக்சியிலேயே தீர்ந்துவிட்டது.
பணம் ஏற்றவும் இணையம் வேண்டும்.
நள்ளிரவுக்குள் தணிக்கை அறிக்கை போயாக வேண்டும்.
மணி பத்து நாற்பது.

விருந்தினருக்கு வைஃபை இலவசம்.
வெள்ளைத் திரையில் இரண்டே கட்டங்கள்:
அறை எண்.
கடைசிப் பெயர்.

அறை எண் தெரியும்.

கடைசிப் பெயர் என்று
எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்று இருந்ததில்லை.
அப்படிப் பார்த்தால் முதற்பெயரும் இல்லை.
இருந்தது ஒரே பெயர்,
ஒரு மூச்சு முழுக்கப் பிடிக்கும் பெயர்,
மங்கையர்க்கரசி.
பள்ளியில் பாதிப் பேருக்கு நான் மங்கை.
கணக்கு எடுத்த மிஸ்டர் கூ
மேங்கோ என்றார்.
இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தேன்.

மங்கையர்க்கரசி என்று அடித்தேன்.
தகவல் பொருந்தவில்லை.

சரி, அப்பா பெயர்.
துரைக்கண்ணுவுக்கு ஆங்கிலத்தில் மூன்று உடம்பு.
என் பிறப்புச் சான்றிதழில் டாக்டருக்கு வரும் டி.
அடையாள அட்டையில் டீச்சருக்கு வரும் டி.
போன சித்திரையில் வாங்கிய இறப்புச் சான்றிதழில்
கடைசி எழுத்தை யாரோ தின்றிருந்தார்கள்.
மூன்றையும் அடித்தேன்.
மூன்று முறையும் அந்தச் சின்னச் சக்கரம்
நம்பிக்கையோடு சுற்றிவிட்டு நின்றது.
இன்னும் ஒரே வாய்ப்பு, என்றது திரை.

கோயிலில்கூட இப்படிக் கேட்பதில்லை.
நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னாலும்
தேங்காய் உடையத்தான் உடைகிறது.

கீழே இறங்கினேன்.
மின்தூக்கியில் ஓர் ஆஸ்திரேலியக் குடும்பம்,
நால்வருக்கும் ஒரே கடைசிப் பெயராக இருக்கும்,
நால்வர் முகத்திலும் கைப்பேசி வெளிச்சம்.

முகப்பில் ஃபைருஸ் கொட்டாவியை மென்றுகொண்டு
தன் திரையை என் பக்கம் திருப்பினான்.
என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே
இந்த நாட்டில் எங்களுக்கு இட்டுத் தருகிற
இரண்டு எழுத்து, ஒரு சாய்கோடு.
ஏ, பி.
இதுதான் உங்கள் கடைசிப் பெயர், காக்.
முதல் இடைவெளி வரைக்கும்தான் அது படிக்கும்.
கோட்டைப் போடாதீர்கள், கோடு அதற்கு ஆகாது.
சிஸ்டம் மெமாங் மாச்சாம் து.
அப்படித்தானாம்.

அனாக் பெரெம்புவான்.
விரித்தால் அவ்வளவே: பெண்பிள்ளை.
யாருடைய என்பது அடுத்த சொல்லில் இருக்கும்.
அடுத்த சொல் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

மேலே போகையில் எண்ணிப் பார்த்தேன்,
இந்தத் தீவின் விடுதிகளில் இன்றிரவு
எத்தனை ஏபிக்கள், எத்தனை ஏஎல்கள்,
ஒருவரை ஒருவர் அறியாமல்
ஒரே குடும்பமாகப் படுத்திருக்கிறோம் என்று.

அடித்தேன். திறந்தது.
நல்வரவு, திருமதி ஏபி.

திறந்ததும் கொட்டியது:
செராஸ் அடுக்ககக் குழுவில் தண்ணீர் இல்லை என்று
நாற்பத்தொரு குரல்,
யாருடைய பூனையோ ஐந்தாம் மாடியில்,
சாப்பிட்டியா என்று கணவர்,
அதற்குக் கீழே அண்ணன்.
அப்பா போன் நம்பரை வெட்டிவிடட்டுமா,
மாதம் முப்பத்தைந்து ரிங்கிட் சும்மா போகிறது.

அறிக்கையை அனுப்பினேன். பதினொன்று ஐம்பத்திரண்டு.
கணவருக்கு, சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.
அண்ணனுடைய செய்தியில்
நீலக்குறி இரண்டும் விழுந்து கிடந்தன.
விளக்கை அணைத்தேன்.

காலையில் பாயான் லெப்பாஸ்.
விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.
இங்கேயும் ஒரு கட்டம்: பெயர்.
எதைப் போட்டாலும் ஏற்கிறது,
யாரும் எதனோடும் ஒப்பிடுவதில்லை.
மேங்கோ என்று அடித்தேன்.
கேள்வியே இல்லை, முழு வீச்சில் நான்கு கோடு.

அண்ணனுக்கு எழுதினேன்:
இந்த மாதம் நான் கட்டுகிறேன்.
பிறகு அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன்,
நேற்றே செய்ய நினைத்தது.
அண்ணன் வீட்டு மேசை இழுப்பறையில்
அது அடித்துக்கொண்டிருக்கும்.
மூன்றாம் வாயிலுக்கு வரச் சொல்லி
என் வரிசையைக் கூப்பிட்டார்கள்.
இன்னும் இரண்டு மணியடிப்பு
கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.